திருடன் பக்கத்து வாஷர்

ஆணி அடித்து வேலையை முடிக்கிறவனை நான் நம்ப மாட்டேன். ஆணி அவசரக்காரன் சாமான். சுத்தியலை எடுத்தான், நாலு போடு போட்டான், கிளம்பிவிட்டான். மரம் கொஞ்சம் காய்ந்து சுருங்கினால் ஆணி பல்லிளிக்கும். அதற்கு மேலே ஸ்க்ரூ. சுற்றிச் சுற்றி உள்ளே போய் அழுத்தமாக உட்காரும். ஆனால் திருப்புளி வைத்திருக்கிற எவனும் கழற்றிவிடலாம் என்பதால் அதையும் முழுசாக நம்புவதற்கில்லை. போல்ட்டும் நட்டும் புருஷன் பெண்டாட்டி மாதிரி. ஒன்று தொலைந்தால் மற்றது தகர டப்பாவில் கிடந்து துருப்பிடிக்க வேண்டியதுதான். நடுவில் வாஷர் இல்லாவிட்டால் ஒன்றை ஒன்று கடித்துத் தேய்த்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலே ரிவெட். இரண்டு தகட்டையும் துளைத்து உள்ளே விட்டு, மறுபக்கம் தலையை நசுக்கிவிட்டால் அது அப்புறம் யார் பேச்சையும் கேட்காது. வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

நான் ரிவெட் ஆள். பஸ்ஸுக்குக் கூடு கட்டுகிற பட்டறையில், தலைமுடி கறுப்பாக இருந்த நாளிலிருந்து அது நரைத்து உதிர்ந்துபோகிற வரைக்கும் ரிவெட் அடித்தேன். பள்ளிக்கூடத்தில் அதிகம் உட்காரவில்லை. நான் தகடு அடித்த பஸ் ரோட்டில் போனால் சீட்டு ஆடும், கண்ணாடி ஆடும், உள்ளே இருக்கிற ஜனம் ஆடும், தகடு ஆடாது. பட்டறையில் எனக்கு ‘இன்னொரு சுத்து’ என்று பெயர். எவன் எதை முறுக்கி முடித்தாலும் அவன் நகர்ந்த பிறகு நான் போய் இன்னொரு சுற்று முறுக்கிவிட்டு வருவேன். அதில் எத்தனையோ போல்ட்டுக்குத் திருகு மரை அழிந்திருக்கிறது. அழிந்தது அவன் முறுக்கினதால்தான் என்று சொல்லிவிடுவேன்.

இப்படிப்பட்டவனுக்கு மாப்பிள்ளையாக வந்து சேர்ந்தவர் பசை விற்கிறவர். டியூபில் ஒரு பசை, டப்பாவில் ஒரு பசை, இரண்டு பக்கமும் ஒட்டுகிற டேப் என்று பையில் போட்டுக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்குகிற உத்தியோகம். பெண் பார்க்க வந்த அன்றைக்கே, “இனிமே சுவத்துல துளை போடற காலமெல்லாம் போயிடுச்சுங்க” என்றார். “துளை போடாம எதுங்க நிக்கும்?” என்றேன். மகள் உள்ளே இருந்து என்னை முறைத்தாள். கல்யாணம் நடந்தது. எப்படியும் ஒரு நாள் ஆட்டம் காணும், அப்போது பேசிக்கொள்ளலாம் என்று காத்திருந்தேன். இன்றுவரை ஆடவில்லை. மாடியில் அவர்கள், கீழே நாங்கள். எனக்கு அதில் சந்தோஷம்தான். சொன்னது பலிக்கவில்லையே என்று கொஞ்சம் வருத்தமும் உண்டு.

எங்கள் குளியலறை வீட்டைவிட்டுத் தள்ளி, பின்பக்கச் சந்தில் தனியாக நிற்கிறது. அடுத்த தெருவில் ஒரு வீட்டில் இப்படித்தான், குளியலறைக்குள் புகுந்து பித்தளைக் குழாயைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். அன்றே வேலையை ஆரம்பித்தேன். எங்கள் குளியலறையில் இருந்த சொத்து, ஒரு பித்தளைக் குழாய், ஒரு பிளாஸ்டிக் வாளி, ஒரு குவளை, மனைவி உட்கார ஒரு முக்காலி.

கதவுக்கு இரண்டு பக்கமும் இரும்புத் தகடு வைத்து ஓரம் பூராவும் ரிவெட் அடித்தேன். மிதித்தால் உள்ளே போகக் கூடாது என்று வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாற்றினேன். அப்படி மாற்றினால் கீல் வெளியே வந்துவிடும். கீலின் ஊசியை எவனாவது தட்டி உருவிவிட்டால்? ஊசியின் இரண்டு முனையையும் அடித்து நசுக்கினேன். கீலைப் பிடிக்க மொட்டைத்தலை போல்ட். அதன் தலை காளான் மாதிரி வழவழவென்று இருக்கும், எந்த ஸ்பேனரும் பிடிக்காது. நட்டு உள்பக்கம். மிச்ச இடங்களில் ஒருவழி ஸ்க்ரூ. அதன் தலையை ஒரு பக்கம் சரிவாக வெட்டிவிட்டிருப்பார்கள். முறுக்கும்போது திருப்புளிக்குப் பிடி கொடுக்கும், கழற்றப் போனால் வழுக்கிவிடும். கதவிடுக்கில் கடப்பாரை நுழையாமல் இரும்புப் பட்டை. அடியில் எலி நுழையாமல் ரப்பர்.

முடித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். மனைவி வந்து மேலும் கீழும் பார்த்தாள்.

“உள்ள யாரை அடைச்சு வெக்கப் போறீங்க?” என்றாள்.

“உனக்கென்னடி தெரியும்?” என்றேன்.

தலைக்கு மேலே ஒரு சின்ன வென்டிலேட்டர் உண்டு. அதற்குள் ஒரு கை நுழையும், அவ்வளவுதான். கை மட்டும் இருக்கிற திருடன் வந்தால் என்ன செய்வது என்று அதற்கும் நடுவில் ஒரு கம்பி வைத்தவன் நான். குளிர்காற்று அடிக்கிறது என்று மனைவி சொன்ன சமயம் நான் முட்டி வலியில் படுத்திருந்தேன். மாப்பிள்ளை போய்க் கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் தகட்டை வெளிப்பக்கமாக வைத்துப் பசை தடவி ஒட்டிவிட்டார். ஒரு துளை கிடையாது, ஒரு ஸ்க்ரூ கிடையாது.

“அடுத்த மழைக்கு விழுந்துடும்” என்றேன்.

மழை வந்தது. விடிந்ததும் போய்ப் பார்த்தேன், அப்படியே இருந்தது. அதற்கடுத்த மழைக்கும் போய்ப் பார்த்தேன். மழை பெய்கிறபோதெல்லாம் பின்பக்கம் ‘பொத்’தென்று ஒரு சத்தம் கேட்காதா என்று காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருந்த மாமனார் ஊரிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். உள்பக்கத் தாழ்ப்பாள். அது பழசு. தடித்த கம்பி, அதை இழுக்க ஒரு குமிழ். குமிழின் அடியில் இருக்கிற சின்ன மரை கம்பியில் உள்ள ஓட்டைக்குள் முறுக்கி நிற்கும். அது தளராமலிருக்க இடையில் ஒரு ஸ்பிரிங் வாஷர். ஓரிடத்தில் வெட்டி முனைகளை மேலும் கீழுமாக விலக்கிவிட்ட வளையம் அது. அது இருந்தால் எவ்வளவு அதிர்ந்தாலும் மரை நழுவாது. வெளியே பூட்டு மாட்டுகிற பட்டைக்கு அப்படி ஒரு வாஷர் குறைந்தது. கடைக்கு நடக்க முட்டி வலி. குமிழுக்கு அடியில் இருந்ததைக் கழற்றினேன், தரையில் விழுந்ததை மனைவி எடுத்துக் கொடுத்தாள், அதை வெளியே போட்டுவிட்டேன். உள்ளே இருந்துகொண்டு யார் திருடப் போகிறார்கள்?

அப்புறம் மனைவி இரண்டு மூன்று முறை சொன்னாள். “அந்தக் குமிழ் ஆடுதுங்க.”

“கையால ஒரு சுத்து சுத்திட்டுப் போயேன்” என்றேன். ஊருக்கெல்லாம் இன்னொரு சுற்று முறுக்கினவன் சொன்ன பதில் அது.

மனைவிக்குச் சர்க்கரை வியாதி. சாப்பாட்டுக்கு முன்னால் வயிற்றில் ஊசி போட்டுக்கொள்வாள். போட்டால் சீக்கிரம் சாப்பிட்டாக வேண்டும், தாமதமானால் சர்க்கரை இறங்கி மயக்கம் வந்துவிடும். முன்பு ஒரு தடவை வந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். வேர்த்தால், பேச்சு குழறினால் உடனே வாயில் இனிப்பைப் போட வேண்டும் என்று டாக்டர் அப்போது என்னிடம்தான் சொல்லி அனுப்பினார். அவருக்கும் என் மேல் நம்பிக்கை இல்லை போலிருக்கிறது, திரும்பத் திரும்பச் சொன்னார்.

அன்றைக்கு மத்தியானம் ஊசியைப் போட்டுக்கொண்டு, தட்டையும் எடுத்து வைத்துவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வருகிறேன் என்று போனாள். மகள் வேலைக்குப் போயிருந்தாள். நான் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

“ஏங்க… இங்க கொஞ்சம் வாங்களேன்.”

போனேன். கதவு சாத்தியிருந்தது.

“என்ன?”

“குமிழ் கையோட வந்துடுச்சு.”

“எங்க அது?”

“கையிலதான் இருந்துச்சு. வழுக்கித் தண்ணி போற ஓட்டையில விழுந்துடுச்சு.”

“அதை எதுக்கு அங்க போட்ட?”

“ஆமா, ரொம்ப நாளா போடணும்னு ஆசை.”

“கம்பியைக் கையால இழு.”

“இழுக்காமலா கூப்பிடறேன்? நீங்க மாட்டின தாழ்ப்பாளு. குமிழ் இருந்தாலே அதை இழுக்க ரெண்டு ஆளு வேணும். ஈரக் கைக்கு வழுக்குது. கொண்டை ஊசியைக் குமிழ் இருந்த ஓட்டையில விட்டு இழுத்தேன், வளைஞ்சு போச்சு. ஒரு ஆணி இருந்தா போதும், விட்டு இழுத்துடுவேன். ஒரு ஆணி குடுங்க.”

“எது வழியா?” என்று கேட்டேன்.

“அதை நீங்கதான் சொல்லணும்” என்றாள்.

என் வீட்டில் ஆணி கிடையாது, கொள்கை. ஆனால் கூடத்துச் சுவரில் காலண்டர் மாட்ட மனைவி எனக்குத் தெரியாமல் ஒன்று அடித்திருந்தாள். தெரியாத மாதிரி நானும் இருந்தேன். அதைக் குறடால் பிடுங்கிக்கொண்டு ஓடிவந்து, கதவைச் சுற்றி இடுக்கு தேடினேன். மேலே பார்த்தேன், பட்டை. பக்கத்தில் பார்த்தேன், பட்டை. கீழே படுத்துப் பார்த்தேன். வாசற்படிக்கு வெளிமுகமாக இன்னொரு தகடு வைத்து, ரப்பரை அதற்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தேன். அந்தக் கதவில் எவ்வளவு நல்ல வேலை செய்திருக்கிறேன் என்பதை அன்றுதான் முழுசாகப் பார்த்தேன்.

ட்ரில்லிங் மிஷினை எடுத்துவந்து ஒரு ஸ்க்ரூவின் தலையில் வைத்தேன். தலை சரிவு. முனை வழுக்கிக்கொண்டு போய்த் தகட்டில் கோடு போட்டது. அழுத்திப் பிடித்தேன், முனை உடைந்தது. பெட்டியில் இருந்த மற்ற முனைகள் எல்லாம் மழுங்கல். மழுங்கினதையும் தூக்கிப் போட மனம் வராது. எவனாவது பொறுக்கிக்கொண்டு போவானே.

“என்ன சத்தம்?” என்றாள்.

“ஒண்ணுமில்லை.”

“உடைஞ்சுதா?”

“ஒண்ணுமில்லைங்கறேன்ல!”

மாடியில் மாப்பிள்ளை இருக்கிறார் என்று தெரியும். பசைக்காரரைக் கூப்பிட்டு என்ன செய்ய? எதிர்வரிசையில் ஜன்னலுக்குக் கிரில் அடிக்கிறவர் பட்டறை இருந்தது. அவரோடு எனக்குப் பேச்சு இல்லை. ஒரு தடவை ஸ்பேனர் கேட்டு வந்தார். அவர் போன பிறகு வாசலில் ‘கருவி இரவல் கிடையாது’ என்று எழுதித் தொங்கவிட்டேன். அவர் பட்டறையிலிருந்து பார்த்தால் நேராகத் தெரிகிற மாதிரி.

அவர் முன்னால் போய் மூச்சு வாங்க நின்றேன். மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

“அட, பெரியவரா! என்னங்க வேணும்? எங்க கடையில போர்டு இல்லை, தைரியமா கேளுங்க.”

“என் வீட்டுக்காரி பாத்ரூம்ல மாட்டிக்கிட்டா. ஊசி போட்டிருக்கா, இன்னும் சாப்பிடலை.”

அவர் முகம் மாறிவிட்டது. மறு வார்த்தை பேசாமல் கட்டிங் மிஷினைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் ஓடினார். அந்த ஆளைத்தான் இத்தனை வருஷமாக என் மனசுக்குள் திருடன் வரிசையில் உட்கார வைத்திருந்தேன்.

கதவைப் பார்த்ததும் அவர் ஓட்டம் நின்றது.

“பெரியவரே, இதுக்குள்ள என்ன வெச்சிருக்கீங்க?”

“ஒரு குழாய்.”

“தங்கத்துலயா?”

“பித்தளை.”

அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கீலில் மிஷினை வைத்தார். பொறி பறந்தது. ஒரு போல்ட்டின் தலை வெட்டுப்பட்டு விழுந்தது. கீல் அசையவில்லை. உளி வைத்துத் தட்டினார், தண்டு தகட்டைக் கடித்துக்கொண்டு நின்றது.

“இப்படியா இறுக்குவாங்க? யாருங்க இதை முறுக்கினது?”

நான் சந்தின் மறுமுனையைப் பார்த்தேன்.

“அவரேதான்” என்றாள் உள்ளே இருந்து.

கிரில்காரர் தலையை ஆட்டினார். “ஆகும்ங்க. ஆனா உடனே ஆகாது. மூணு கீலு, ஒவ்வொண்ணுலயும் இத்தனை போல்ட்டு. அதுவரைக்கும் அம்மா தாங்குவாங்களா?”

நான் கதவுக்குப் பக்கத்தில் போய் வாயை வைத்தேன். “ஏண்டி, வேர்க்குதா?”

“கொஞ்சம்.”

அவள் எப்படி இருக்கிறாள் என்று பார்க்க எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். வம்புக்கு இழுத்தால் பதிலுக்கு வாங்கிக் கட்டிக்கொள்வேன். எவ்வளவு கிடைக்கிறதோ அவ்வளவு தெம்பு இருக்கிறது என்று அர்த்தம். “எல்லாம் உன்னாலதான்” என்றேன். “பதவிசா இழுத்திருந்தா குமிழ் ஏன் கழண்டு வருது?”

காத்திருந்தேன்.

“ஆமாங்க” என்றாள் மெதுவாக. “என் தப்புதான்.”

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் நான் சொன்னதை ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை.

“மாப்பிள்ளை!” என்று கத்தினேன். அப்படி ஒரு சத்தம் என் தொண்டையில் இருக்கிறது என்று எனக்கே தெரியாது. அவர் ஏற்கனவே மிஷின் சத்தம் கேட்டுப் படியிறங்கிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். கதவை அவர் பார்க்கவே இல்லை. மேலே பார்த்தார்.

“மாமா, அந்தத் தகட்டை எடுத்துட்டா வென்டிலேட்டர் கம்பிக்குப் பக்கமா ஒரு சின்ன பாட்டில் போகும்ல? முதல்ல இனிப்பை உள்ள குடுத்துடலாம்.”

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அதானே! அந்த வீட்டில் நான் கை வைக்காத ஒரே தகடு. வெறும் பசை. ஒரு தட்டுத் தட்டினால் முடிந்தது.

ஏறி நிற்க ஒன்று வேண்டும். சந்தில் ஒரு இரும்பு ஸ்டூல் இருந்தது. இருந்தது என்றால், தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று அதன் நாலு காலையும் தரையில் துளை போட்டு ஆங்கர் போல்ட் வைத்துப் பிடித்திருந்தேன். வென்டிலேட்டருக்கு எட்டாத இடத்தில். கிரில்காரர் அதைத் தூக்கப் போய், தூக்க முடியாமல், குனிந்து காலைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

மாப்பிள்ளை வாங்கிவந்த பிளாஸ்டிக் நாற்காலி வீட்டுக்குள் இருந்தது. இதில் எவன் உட்காருவான் என்று நான் கேட்ட நாற்காலி. அதைப் போட்டு ஏறினேன்.

“மாமா, அடிக்காதீங்க, அது வராது” என்று மாப்பிள்ளை சொல்லச் சொல்ல, சுத்தியலை ஓங்கி ஒரு போடு போட்டேன். தகடு ‘தொம்’ என்றது. சுத்தியல் திரும்பி வந்து என் நெற்றியில் போட்டது. எத்தனையோ மழைக்கு விழும் விழும் என்று நான் பார்த்துக்கொண்டிருந்த சாமான். வேண்டும் என்கிற அன்று விழவில்லை.

“என்ன மாப்பிள்ளை உங்க பசை இப்படிப் பிடிச்சிருக்கு!” என்றேன், குற்றம் சொல்கிற மாதிரி.

“நல்லா பிடிக்கணும்னுதானே மாமா ஒட்டினேன்” என்றார். வேறு யாராவதாக இருந்தால் அந்த மழைப் பேச்சை அப்போது எடுத்திருப்பார்கள். நான் எடுத்திருப்பேன். அவர் எடுக்கவில்லை. “ஒட்டினது அடிச்சா வராது மாமா. சூடு காட்டிக் கெஞ்சணும். நீங்க இறங்கிப் போய் சர்க்கரைத் தண்ணி கரைங்க.”

மாடிக்கு ஓடி மகள் தலைமுடி காயவைக்கிற மிஷினையும் நீள ஒயரையும் கொண்டுவந்தார். கிரில்காரரிடம் மெல்லிய கட்டுக்கம்பி ஒரு முழம் வாங்கிக்கொண்டார்.

நான் சமையலறைக்கு ஓடினேன். சர்க்கரை தகர டப்பாவில் இருந்தது. திருகு மூடி. மனைவி மூடி வைக்கிற எதையும் பிறகு நான் போய் இன்னொரு சுற்று முறுக்கிவிடுவது வழக்கம் என்று சொன்னால் உங்களுக்குப் புரியும். முறுக்கினேன், வரவில்லை. வேட்டியால் பிடித்து முறுக்கினேன், வரவில்லை. கடைசியில் டப்பாவைக் கவிழ்த்து அடியில் திருப்புளியால் குத்திக் கிழித்தேன். தரையெல்லாம் சர்க்கரை. பாட்டிலுக்குள் கொட்டினது பாதி, என் கையில் ஒட்டினது பாதி.

திரும்பி வந்தபோது மாப்பிள்ளை நாற்காலிமேல் நின்று தகட்டின் ஓரமாகச் சூட்டுக் காற்றைக் காட்டிக்கொண்டிருந்தார். நாற்காலி ஆடியது. கிரில்காரர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார், நான் மாப்பிள்ளையின் இரண்டு காலையும் கட்டிப் பிடித்துக்கொண்டேன். மேலேயும் அழுத்தம், கீழேயும் அழுத்தம். வாஷர் வேலை எப்படிப்பட்டது என்று அன்று கற்றுக்கொண்டேன்.

“அத்தை, பேசிட்டே இருங்க” என்றார் மாப்பிள்ளை.

“ம்” என்றாள்.

“ஏதாவது சொல்லுங்க அத்தை. மாமாவைப் பத்திச் சொல்லுங்க.”

“அவரு… நல்லவருதான்.”

“மாப்பிள்ளை, சீக்கிரம்!” என்று அலறினேன்.

பசை இளகி நூல் நூலாக நீண்டது. கட்டுக்கம்பியை மேல் ஓரத்தில் செருகி, இரண்டு கையாலும் பிடித்து இப்படியும் அப்படியுமாக அறுத்துக்கொண்டே இறங்கினார். தகடு முனகியது. பிறகு சத்தமே இல்லாமல் அவர் கையோடு வந்துவிட்டது. அதை என்னிடம் நீட்டினார். ஒரு கீறல் இல்லை.

நான்தான் ஏறுவேன் என்று ஏறினேன். கம்பிக்குப் பக்கத்தில் கண்ணை வைத்துப் பார்த்தேன். முக்காலியில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது. ரவிக்கை வேர்வையில் நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. அவள் வகிடு இவ்வளவு அகலமாகிவிட்டது என்று மேலிருந்து பார்த்தால்தான் தெரிகிறது.

பாட்டிலைத் துணிக்கயிற்றில் கட்டிக் கம்பிக்குப் பக்கத்தால் உள்ளே விட்டு இறக்கினேன். அவள் மடியில் போய் இடித்தது. அவள் அதைப் பார்த்தாளே தவிர எடுக்கவில்லை.

“எடுடி.”

“எதை?”

“பாட்டிலை எடு. மூடி இல்லை, திறக்க வேணாம். வாயில வை. எனக்காக வை.”

அவள் கை பாட்டிலைத் தேடியது. ஒரு தடவை தப்பியது. பிறகு பிடித்தது. குடித்தாள். பாதி தாடையில் வழிந்தது. இன்னும் ஒரு வாய் குடித்தாள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நான் மாட்டின கம்பி, அசையவில்லை. அன்றைக்கு அது ஒன்றுதான் எனக்கு உதவினது.

கீழே கிரில்காரர் உளியோடு மறுபடி கீலுக்குப் போயிருந்தார். நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணை மூடினாள். திறந்தாள். மிச்சத்தையும் குடித்தாள். நெற்றியைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். கொஞ்சம் கொஞ்சமாக முதுகு சுவரைவிட்டு நிமிர்ந்தது. அண்ணாந்து என்னைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“இதுல எவ்வளவு சர்க்கரையைக் கொட்டினீங்க? நான் என்ன எறும்பா?”

காலிப் பாட்டிலைக் கயிற்றோடு மேலே இழுத்துக்கொண்டேன்.

“நெத்தியில என்ன புடைப்பு?”

“ஒண்ணுமில்லை.”

“சுத்தியலா?”

“ஒண்ணுமில்லைங்கறேன்ல.”

“சரி, ஆணி எங்க?”

ஆணி என் சட்டைப் பையில் இருந்தது. அதே கயிற்றில் கட்டி இறக்கினேன். அவள் எழுந்து கதவுப் பக்கம் போனாள். இரும்பும் இரும்பும் உரசுகிற சத்தம் கேட்டது. ஒரு இழுப்பு. இன்னொரு இழுப்பு. ‘டக்’.

கதவு திறந்தது. கிரில்காரர் இன்னும் முதல் கீலில்தான் இருந்தார்.

வெளியே வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாப்பிள்ளை தட்டை எடுத்துவர ஓடினார். கிரில்காரரைப் பார்த்து, “உங்களுக்கும் வேலை வெச்சிட்டோம், மன்னிச்சுக்கங்க” என்றாள். அவர், “இருக்கட்டும்மா, இப்படி ஒரு கதவை நானும் பார்த்ததில்லை” என்றார். பிறகு அவள் என் பக்கம் திரும்பினாள்.

“அந்தக் குமிழுக்கு அடியில ஒரு வளையம் இருந்துச்சே. அன்னிக்கு நான்தானே உங்க கையில எடுத்துக் குடுத்தேன். அது எங்க?”

பார்க்கக் கூடாது என்றுதான் நினைத்தேன். ஆனாலும் என் கண் பூட்டுப் பட்டைக்குப் போய்விட்டது. அவள் கண்ணும் பின்னாலேயே போனது. பட்டையில் வரிசையாக ஸ்பிரிங் வாஷர்கள், எண்ணெய் மினுமினுப்போடு, அப்படி ஒரு அழகு.

“திருடனுக்குப் பார்த்துப் பார்த்துப் போட்டிருக்கீங்க” என்றாள். “எனக்கு மிச்சத்தைப் போட்டீங்க.”

கத்திச் சொல்லியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவள் சாதாரணமாகச் சொன்னாள். சொல்லிவிட்டு என் தோளிலிருந்து கையை எடுக்காமல் நடந்தாள்.

மறுநாள் காலையிலேயே கடைக்குப் போனேன், முட்டி வலியோடு. புதுக் குமிழ் ஒன்று, ஸ்பிரிங் வாஷர் கை நிறைய. கடைக்காரர் எதற்கு இவ்வளவு என்றார். வீட்டில் ஆள் இருக்கிறார்கள் என்றேன். திரும்பி வந்து திருப்புளியோடு குளியலறைக்குள் நுழைந்தால், மனைவி பின்னாலேயே வந்து நின்றாள். தாழ்ப்பாளில் அந்த ஆணி செருகியே இருந்தது. வெளியே உருவிவராமல் முனையைக் குழவியால் தட்டி அவளே வளைத்து விட்டிருந்தாள்.

“தொடாதீங்க” என்றாள்.

“குமிழ் வாங்கிட்டு வந்திருக்கேண்டி. புது வாஷரு.”

“அதை அலமாரியில வைங்க. எனக்கு இது போதும்.”

“ஆணியை எல்லாம் நம்ப முடியாது.”

“நம்பாதீங்க. நான்தானே இழுக்கப் போறேன்.”

ஆக, அத்தனை ரிவெட்டும் மொட்டைத்தலையும் ஒருவழி ஸ்க்ரூவும் இருக்கிற கதவை இன்றைக்கும் உள்ளே இருந்து திறப்பது ஒரு காலண்டர் ஆணி. இதுவரை ஒரு திருடனும் வந்து பார்க்கவில்லை. வந்திருந்தால் என் வேலையைப் பாராட்டவாவது ஓர் ஆள் கிடைத்திருப்பான்.

வாசல் போர்டைக் கழற்றிவிட்டேன். கழற்ற அரை நாள் ஆயிற்று, அதற்கும் ரிவெட் போட்டிருந்தேன். கிரில்காரர் அந்த வாரமே வந்து ஸ்பேனர் வாங்கிக்கொண்டு போனார். இன்னும் திருப்பித் தரவில்லை. கேட்கவும் முடியவில்லை. நான் அப்போதே சொன்னேன் இல்லையா?

ஆணி போய்விட்டதால் காலண்டரை மாப்பிள்ளை டேப் போட்டுக் கூடத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறார். தினம் காலையில் தேதி பார்க்கிற சாக்கில் போய்ப் பார்க்கிறேன். இன்னும் விழவில்லை. நேற்று மேல் ஓரம் லேசாகத் தூக்கிக்கொண்டிருந்த மாதிரி இருந்தது. யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, கட்டைவிரலை வைத்து நன்றாக ஓர் அழுத்து அழுத்திவிட்டு வந்தேன்.